கை வைக்க வேண்டாம் என்றார்கள்

மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

ஆஸ்பத்திரிக் கார் பார்க்கில் வைத்து நீ என்னிடம் சொன்னது, "அப்பா, இனி நீங்கள் இந்த விசயத்தில ஒண்டும் சொல்ல வேண்டாம்" என்பது. அம்மாவும் மருமகள் சுகன்யாவும் கேட்டுக்கொண்டிருக்கத்தான் சொன்னாய். சரி, சொல்லவில்லை, எழுதுகிறேன். எழுதுவது சொல்வதில் சேராது என்று அம்மாவோடு வாதாடிப் பார்த்தேன். "எழுதுங்கோ, ஆனால் சுருக்கமா எழுதுங்கோ" என்றாள். சுருக்கம் எனக்கு வராது என்பது உங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான். அடுத்த கிழமை நீ என் பேத்தி ஆரணியைச் சிட்னியில் புதிய டொக்டரிடம் கொண்டுபோகிறாய். அவள் கழுத்தில் இருப்பதை முழுதாக எடுத்துவிடச் சொல்லிக் கேட்கப் போகிறாய் என்று சுகன்யா அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அதற்கு முன்னால் இதை நீ வாசித்துவிட வேண்டும். வாசித்த பிறகு என்னைத் திட்டுவதென்றால் திட்டு.

நீ வேலை மாறிச் சிட்னிக்கு, ஹோம்புஷ் பக்கம் போன பிறகு, அங்கே ஒரு வீடு சரிவரும்வரை சுகன்யாவும் பிள்ளையும் எங்களோடு இங்கே ட்ருகனினா வீட்டில் இருந்தார்கள். அந்த மாதங்களில் இங்கே நடந்ததில் பாதியைத்தான் நீ போனில் கேட்டாய். அதிலும் முக்கால்வாசி என் வாயால் வந்தது, ஆகவே நேராக வந்திருக்காது. ஒருநாள் குசினியில் அம்மாவின் அரிசி வாளிக்குள் கையை விட்டு ஆரணி அளைந்துகொண்டிருந்தாள். அவளுடைய அப்பப்பா, நான்தான், வாளியைத் தூக்கி மேலே வைத்தேன். அவள் தலையைப் பின்னால் எறிந்து கத்தினாள். அப்போது இடப்பக்கம், தாடைக்குக் கீழே, கழுத்திலிருந்து ஏதோ ஒன்று மெல்ல எழும்பி வந்தது. ஒரு நெல்லிக்காய் அளவு இருக்கும். அழுகை ஓய்ந்ததும் அது அமிழ்ந்துவிட்டது. நான் அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் வருவதற்குள் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள், காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. "உங்களுக்குக் கண்ணாடி மாத்த வேணும்" என்றாள் அம்மா. அன்று பின்னேரம் குளிக்க வார்க்கும்போது பிள்ளை அழ, அம்மாவே கண்டாள். அதன் பிறகு கண்ணாடிக் கதை எடுபடவில்லை.

குடும்ப டொக்டர் தடவிப் பார்த்து, நெறி கட்டியிருக்கிறது, மருந்து குடித்தால் வற்றிவிடும் என்றார். மருந்து முடிந்தது, நெறி வற்றவில்லை. அவர் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தந்தார். அங்கே முதலில் ஸ்கான். இருட்டறையில் சுகன்யாவின் மடியில் பிள்ளையை வைத்து, கழுத்தில் குளிர்ந்த பசையைப் பூசி, ஒரு பெண் கருவியை உருட்டினாள். திரையில் கறுப்பாக ஒன்று, அதற்குள் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கருவியைக் கழுத்திலிருந்து இறக்கி நெஞ்செலும்புக்கு மேலே கொண்டுவந்து அங்கே எதையோ தேடினாள். கழுத்தில் வருத்தம் இருக்க இவள் ஏன் நெஞ்சில் தேடுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. ஆரணி உதைத்துக் கத்தியதில் அங்கே ஒன்றும் தெளிவாகப் பிடிபடவில்லை.

பிறகு டொக்டரின் அறை. இளம் பெண், தன்மையானவள். என் ஆங்கிலம் வேர்ஹவுஸ் ஆங்கிலம், சாமான் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டுவதற்குக் காணும், இதற்குக் காணாது. ஆகவே மேசையில் போனை வைத்து மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். தமிழ்நாட்டுப் பெண்ணின் குரல், நல்ல மரியாதை. டொக்டர் நீளமாகப் பேசினாள். சுகன்யா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தபடி இருந்தாள். போன் சொன்னது: "சார், கழுத்துல இருக்கிறது தைமஸ் மாதிரி தெரியுதாம். நெஞ்சுல இருக்க வேண்டியது. ஸ்கேன் இன்னொண்ணு எடுக்கணும். இப்போதைக்கு அதுல கை வைக்க வேண்டாம்னு டாக்டர் சொல்றாங்க."

நீ அந்த அறையில் இருந்திருந்தால் இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்டிருப்பாய். நீ இங்கே வளர்ந்தவன். எங்கள் ஊரில் பெரியாஸ்பத்திரி டொக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டுக் "கை வைக்கேலாது" என்று சொன்னால், வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான், சொந்தக்காரருக்கு அறிவிப்பது. உன் பெரியப்பாவுக்கு அப்படித்தான் சொன்னார்கள், என் அண்ணிக்கும் அப்படித்தான். போனில் அந்தப் பெண் வேண்டாம் என்று சொன்னதை என் காது ஏலாது, முடியாது என்று வாங்கிக்கொண்டது. அவள் பிழை இல்லை, டொக்டர் பிழையும் இல்லை. "வேற ஏதாவது கேக்கணுமா சார்?" என்று அவள் இரண்டாம் முறையும் கேட்டாள். நான் இல்லை என்று சொல்லி நன்றியும் சொன்னேன். சுகன்யா, "மாமா, என்னவாம்?" என்றாள். "கை வைக்கேலாதாம் பிள்ளை" என்றேன். அவள் அப்படியே சுவரோடு சாய்ந்து இருந்துவிட்டாள். டொக்டர் பதறிப்போய்த் தண்ணீர் எடுத்துவந்தாள். நல்ல செய்தி சொன்ன இடத்தில் இந்தக் குடும்பம் ஏன் இப்படி அழுகிறது என்று அவள் நினைத்திருப்பாள்.

மிச்சக் கதை உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து நான் ரொறன்ரோவுக்குப் போன் எடுத்து உன் அத்தையிடம் சொன்னேன். அவள் யார் யாருக்கோ சொன்னாள். நீ ரயிலுக்கு நிற்கும்போது அத்தை உனக்கு எடுத்து, பேச முடியாமல் அழுதிருக்கிறாள். பெற்ற தகப்பனுக்கு முன்னால் ரொறன்ரோவுக்குச் சொல்லியிருக்கிறேன், அதை நீ இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் வேண்டாம். நீ ஆஸ்பத்திரிக்கே போன் எடுத்து டொக்டரோடு கதைத்துவிட்டு, எனக்கு எடுத்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாய். "அப்பா, அது கான்சர் இல்லை. நல்ல சதை. வயித்துக்குள்ள பிள்ளை வளரேக்க அந்தச் சுரப்பி தொண்டைக்குக் கிட்டத் தொடங்கி நெஞ்சுக்கு இறங்க வேணும். இவளுக்கு வழியில நிண்டிட்டுது. கரைச்சல், தொந்தரவு இல்லையெண்டா தொடத் தேவையில்லை, வளர வளரத் தானாச் சுருங்குமாம். எம்ஆர்ஐ எடுக்கும்வரைக்கும் வெயிட் பண்ணட்டாம்." கடைசியில் நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் வரவில்லை என்று அன்று சொல்லத் தெரியவில்லை, இப்போது சொல்கிறேன். படகில் வந்து இறங்கிய நாளிலிருந்து இந்த நாட்டில் என்னிடம் "வெயிட்" என்று சொன்னவர்கள் எல்லாரும், இல்லை என்பதைத்தான் மரியாதையாகச் சொன்னார்கள். விசா அலுவலகம் வெயிட் என்றது, வக்கீல் வெயிட் என்றார். நீ பள்ளிக்கூடம் முடித்து, நல்ல புள்ளிகள் இருந்தும் நிரந்தர விசா இல்லாததால் பல்கலைக்கழகத்துக்குப் போக வழியில்லாமல் குசினிக் கதிரையில் இருந்தாயே, அப்போதும் அந்தச் சொல்தான். விசா வந்துவிட்டது, என் காது மாறவில்லை. நல்ல சதை என்றால் எடுப்பது சுகம்தானே, ஏன் எடுக்கவில்லை? எங்கள் பெயரைப் பார்த்துத்தான் பின்னுக்குப் போடுகிறார்கள் என்று முடிவு கட்டினேன். சுகன்யாவிடமும் சொன்னேன். "இங்கை எங்கடை ஆக்களுக்கு லேசில செய்ய மாட்டாங்கள் பிள்ளை." அவள் பிள்ளையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு சென்னையில் குழந்தைகளுக்கு ஒப்பரேஷன் செய்கிற, என் பள்ளித் தோழனின் மகனைப் பிடித்தேன். படங்களை அனுப்பினேன். அவன் பார்த்துவிட்டு, "எடுக்கலாம் அங்கிள். ஆனா நெஞ்சுல ஒண்ணு இருக்கான்னு முதல்ல பாத்துடுங்க, அது தெரியாம தொடக்கூடாது" என்றான். நான் "எடுக்கலாம்" என்பதை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு டிக்கெட் பார்க்கத் தொடங்கினேன். "டிக்கெட் போட்டீங்களெண்டா நான் வந்து பாஸ்போர்ட்டைக் கிழிப்பன்" என்று நீ போனில் கத்தினாய். நல்ல காலம், கத்தினாய்.

எம்ஆர்ஐ நாளன்று நீ விடுப்பு எடுத்து வந்தாய். பிள்ளையை மயக்கித்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். அவள் கண் மூடும்வரை சுகன்யா கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடிவு சொல்ல அதே டொக்டர் வந்தாள். இம்முறை போன் இல்லை, நீதான் எனக்குச் சொன்னாய். கழுத்தில் இருப்பது தைமஸ்தான், சந்தேகம் இல்லை என்றாய். பிறகு அவள் நெஞ்சுப் படத்தைப் போட்டு ஓர் இடத்தில் விரலை வைத்து ஏதோ சொன்னாள். நீ எனக்குச் சொல்லாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன் முழங்கையைத் தட்டினேன். "நெஞ்சுக்குள்ள இல்லையாம் அப்பா. இவளுக்குக் கழுத்தில இருக்கிறது மட்டும்தானாம்."

நோய் எதிர்க்கிற இரத்த அணுக்கள் சரியாக உருவாவது அந்தச் சுரப்பிக்குள்தானாம், சின்ன வயதில்தான் அதற்கு முழு வேலையாம். இரத்தத்தைச் சோதித்ததில் எல்லாம் இருக்க வேண்டிய அளவில் இருந்தன. அப்படியென்றால் இடம் மாறி நின்றபடியே அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது. நானோ அதை வெட்டு வெட்டு என்று கடல் தாண்டி ஆள் பிடித்தேன். சென்னைப் பிள்ளையும் பாராமல் வெட்டியிருக்க மாட்டான், அவன்தானே முதலில் கேட்டவன். ஆனாலும் வேறு யாரிடமாவது போய், என்னைப்போல் பாதி கேட்கிற ஒருவரிடம் போய் மாட்டியிருந்தால் என்று இன்னும் நினைத்துப் பார்க்கிறேன். மூச்சுக்குழாயை அது கொஞ்சம் ஒரு பக்கம் தள்ளியிருக்கிறது, வழி திறந்துதான் இருக்கிறது, தடிமன், சளி, காய்ச்சல் வந்தால் வீங்கக்கூடும், கவனம் என்றாள் டொக்டர். அன்று எங்கள் வீட்டில் நீ ஒருவன்தான் நிதானமாக இருந்தாய். "பாத்துக்கொள்ளுவம் அப்பா" என்று என் தோளில் தட்டினாய். மகன் தகப்பனுக்குத் தட்டினதைப் பார்த்து அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு தடிமன் வந்தது. நீ சிட்னிக்குத் திரும்பியிருந்தாய். மூக்கு ஒழுகியது, அடுத்த நாள் கழுத்து ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது, அழாமலே நின்றது. பகல் நித்திரையில் அவள் மூச்சு ஈரத்துணியை இழுப்பதுபோல் சத்தம் போட்டது. சோறு விழுங்கும்போது புரைக்கேறிக் கண் செருகினாள். அம்புலன்ஸ் வந்தவர்கள் கெட்டிக்காரர்கள், அவர்களிடம் சுகன்யா "தைமஸ், நெக், ஒன்லி வன்" என்று தெளிவாகச் சொன்னாள். அவள் சொன்னதைக் கேட்டபோது என் மருமகள் என்னைவிட எவ்வளவோ திடமானவள் என்று நினைத்தேன், அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை, நீ சொல்லிவிடு. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள், மருந்து கொடுத்தார்கள், வீக்கம் இறங்கியது. நீ அடுத்த விமானத்தில் வந்து சேர்ந்தபோது அவள் கட்டிலில் இருந்து ஜெலி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனால் நீ மாறிவிட்டாய். அதுவரை எனக்கு நிதானம் சொன்னவன், டொக்டரிடம் ஆங்கிலத்தில் குரலை உயர்த்தினாய். மூச்சு இப்படித் திரும்பத் திரும்ப முட்டுமானால் அழுத்துகிற பகுதியை மட்டும் எடுத்து மிச்சத்தை விட்டுவைக்கலாம், முழுதாக எடுப்பது கடைசி வழி என்று அவள் சொன்னதை நீயே எனக்குச் சொன்னாய், சொல்லிவிட்டு, "எனக்கு முழுக்க எடுக்க வேணும். என்ர பிள்ளை மூச்சில்லாமக் கிடக்க நான் பாத்துக்கொண்டு நிக்கேலாது" என்றாய். கார் பார்க்கில் நான் வாயைத் திறந்தேன். ஒரு வரி முடியவில்லை, நீ அந்தச் சொல்லைச் சொன்னாய். உன்மேல் பிழை சொல்ல மாட்டேன். எடு எடு என்று மாதக்கணக்காக உன் காதில் ஓதியவன் நான். நீ அந்தப் பக்கம் வந்து நிற்கும்போது நான் இந்தப் பக்கம் மாறி நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

எனக்கு எது சரி என்று தெரியவில்லை, மகன். விட்டுவைத்தால் ஒரு தடிமனில் மூச்சு நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எடுத்தால், பிறகு வருகிற ஒவ்வொரு சாதாரணக் காய்ச்சலும் அவளுக்குச் சாதாரணமாக இருக்காதே என்று அதைவிடப் பயமாக இருக்கிறது. இரண்டு பயத்தையும் வைத்துக்கொண்டு நான் உனக்குப் புத்தி சொல்ல வரவில்லை. ஒன்றுதான் கேட்கிறேன். சிட்னி டொக்டர் சொல்வதை முழுதாகக் கேள். பாதியைக் கேட்டுவிட்டு மிச்சத்தைப் பயத்தால் நிரப்புவது என் வழி. உனக்கு ஆங்கிலம் முழுதாகத் தெரியும், ஆனாலும் பயம் வந்தால் எந்த மொழியும் பாதிதான் கேட்கிறது, அன்று உன்னைப் பார்த்தபோது அது தெரிந்தது. சுகன்யாவையும் பக்கத்தில் இருத்து. பகுதியை எடுப்பதா, காத்திருப்பதா என்று அவர்கள் சொல்லட்டும், முழுதும் எடு என்று நீ முந்திக்கொள்ளாதே. நீங்கள் என்ன முடிவு எடுத்தாலும் அது என் வாயால் ரொறன்ரோவுக்குப் போகாது.

இன்னொன்று சொல்ல வேண்டும், உண்மையில் இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எந்த முடிவானாலும் அவள் பெரிய பிள்ளையாகும்வரை இது எங்களோடு இருக்கப்போகிறது. அத்தனை வருசமும் அவள் விழுவாள், அடம்பிடிப்பாள், கேட்டது கிடைக்காமல் அழுவாள், எல்லாப் பிள்ளைகளும்போல. நீங்கள் மூன்று பேரும் சிட்னிக்குப் போன அன்று விமான நிலையத்தில் நான் உங்களை இறக்கிவிட்டேனே, அங்கே கார் நிறுத்தி வைக்க விடமாட்டார்கள், பின்னால் ஹோர்ண் அடித்துக்கொண்டிருந்தார்கள், நீ பெட்டியை ஒரு கையில் இழுத்துக்கொண்டு மற்றக் கையில் அவளைத் தூக்கிக்கொண்டு போனாய். அவள் உன் தோளுக்கு மேலால் எங்களைப் பார்த்து அழத் தொடங்கினாள். எனக்குப் பழகிப்போன கண், நேரே கழுத்துக்குப் போனது. இடப்பக்கத்தைப் பார்த்தேன். முதல் நாள் இருந்த அளவுதான். நிம்மதியாக அம்மாவிடம், "பெருக்கேல்லையப்பா, அப்படியேதான் இருக்கு" என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அவள் கையை நீட்டி அப்பப்பா, அப்பப்பா எண்டு உங்களிட்ட வரக் கேக்கிறாள்" என்றாள். நான் நிமிர்ந்தபோது கண்ணாடிக் கதவு மூடிவிட்டது.

நீ முன்னால் பார்த்து நடந்தாய், உனக்கும் தெரிந்திருக்காது. கழுத்து எப்படி இருந்தது என்று யார் கேட்டாலும் இப்போதும் சரியாகச் சொல்வேன். முகத்தை நான் பார்க்கவில்லை, மகன்.

அப்பா